வெறுங்கூண்டில் ஒரு சொட்டு

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. அதனால் தப்பைக் கொஞ்சம் அழகாக்கித்தான் தொடங்கினேன்: "ஆய்வகத்தில் அன்று ஒரு மர்மமான..." அடித்துவிட்டேன். மர்மம் ஒன்றுமில்லை. அக்காவின் ஆய்வகத்தில் ஓர் ஊசியைக் கழுவினேன்.

2

(எனக்கே புரிந்துவிட்ட மகிழ்ச்சியில் இங்கே நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

திரவத்தில் ஓட்டை போட்டால் மூடிக்கொள்ளும். மூடாத ஓட்டைக்கு அக்கா ஒரு வழி வைத்திருக்கிறாள். மூலக்கூறாலேயே குட்டிக் கூண்டுகள் செய்து திரவத்தில் கரைக்கிறாள். சுற்றியுள்ள திரவத்தின் மூலக்கூறுகள் வாசலில் நுழையாத பீரோக்கள். ஆகவே கூண்டுகள் காலியாகவே இருக்கும். வாயுக்கலவையை விட்டால் மீத்தேன் பூனைக்குட்டிபோல உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். நைட்ரஜன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

அப்படித்தான் நடக்கிறது என்று காட்டவேண்டிய கருவி பழுது. வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் அவளுடைய இரண்டு வருட வேலையை மூடிவிடுவார்கள்.

3

(இங்கே அக்காவை அழவைத்து ஒரு பத்தி இருந்தது. "நான் எப்படா அழுதேன்? பசியில இருந்தேன்" என்றாள். நீக்கியாயிற்று.)

உதவுகிறேன் பேர்வழி என்று ஊசியைக் கழுவி, உலர்த்தாமல் கொடுத்தேன். மீத்தேன் குடித்திருந்த கூண்டுத் திரவக் குழாயில் அக்கா அதைச் செருகியதும் உள்ளே தங்கியிருந்த சொட்டு விழுந்தது. பொடிப்பொடியாய்க் குமிழிகள் கிளம்பின.

"எதுல கழுவின?"

"அந்தப் பழுப்பு பாட்டில்ல."

"குளோரோஃபார்ம். அது பீரோ இல்லடா, உள்ள நுழையற சைஸ். தூங்கற பூனையெல்லாம் எழுப்பி விரட்டிட்ட."

"எல்லாம் பாழாக்கா?"

அவள் குமிழிகளையே பார்த்தாள். "விரட்டணும்னா, உள்ள இருந்திருக்கணும்ல?"

4

முடிவு ஒன்று: அக்கா என் தலையில் குட்டிவிட்டுச் சிரிக்கிறாள்.

முடிவு இரண்டு: நான் கண்ணீருடன்...

இரண்டையும் அவள் ஏற்கவில்லை. "கூண்டே இல்லாத வெறும் திரவத்துலயும் குமிழி வரலாம். அதுலயும் ஒரு சொட்டு விட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்."

வெறும் திரவத்திலும் மீத்தேனைச் செலுத்தி வைத்தாள். சொட்டு விழுந்தும் அது சும்மா இருந்தால், மீத்தேன் கூண்டுக்குள்தான் இருந்தது என்று ஆகும். அங்கேயும் அதேபோலக் குமிழி கிளம்பினால் நிரூபணம் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான்.

ஊசியை என்னிடம் நீட்டினாள். "நீயே விடு. கழுவின கைதானே."

நடந்ததை நான் எழுதினால் அழகாக்கிவிடுவேன். அக்கா ஒரு வரிகூட நம்பமாட்டாள். எனவே ஊசியை உங்களிடம் தருகிறேன். குழாயைச் சாய்க்காதீர்கள். ஒரே சொட்டு. அக்கா பக்கத்தில்தான் நிற்கிறாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

தயவுசெய்து எதையும் கழுவவேண்டாம்.