கேமராவுக்குத் தெரியாத நாற்காலி

"நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. கேமராவுல தெரியிற," என்றான் கணவன்.

அவள் நாற்காலியோடு நகர்ந்தாள். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம்மா," என்றார் மாமனார். தினமும் தான் உட்கார்ந்து வரைகிற மேசையை விட்டு அவள் சுவர் மூலைக்கே போய்விட்டாள்.

இணையச் சந்தை ஒன்றில் அவர்களுக்கு ஒரு கடை. தலையணை உறைக்கும் திரைச்சீலைக்கும் அச்சிடுகிற பூக்கள், கொடிகள், பறவைகள். வரைவது அவள், கடை கணவன் பேரில். அவனுக்கு வேலை போன மாதம், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரான மாமனார்தான் சந்தை கேட்ட வரிப் படிவத்தை நிரப்பினார். படிவம் நிரப்புவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வடிவமைப்பாளர் என்ற இடத்தில் மகன் பேர். வங்கிக் கணக்கும் மகனுடையது. மருமகளையும் மறந்துவிடவில்லை. 'உங்களைச் சார்ந்திருப்போர்' என்ற கட்டத்தில் அவள் பேரை எழுதினார்.

"ஆம்பளை பேருல இருந்தாத்தான் மதிப்பு," என்றார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பாதிப்பது யாராக இருந்தாலும் பேர் ஆணுக்குத்தான் என்பது இந்த ஒரு வீட்டு வழக்கம் மட்டுமா என்ன! அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "அவ சும்மா பொழுதுபோக்குக்குக் கிறுக்குவா," என்பான் கணவன், கொஞ்சமும் கூசாமல்.

இப்போது படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை பணம் வராது. வடிவமைப்பாளர் திரையில் தோன்றி, தன் படம் ஒன்றில் வேலை செய்து காட்ட வேண்டுமாம். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்துபோய்க்கொண்டிருந்தார்.

சந்தையின் ஊழியை திரையில் வந்தாள். "வணக்கம் சார். அந்த நீலப் பறவையை எடுங்க. சிறகை மட்டும் பச்சையா மாத்திக் காட்டுங்க."

கணவன் வரைபேனாவைப் பல் துலக்கும் பிரஷ்ஷைப் போலப் பிடித்தான். பறவை மொத்தமும் பச்சையானது. பிறகு பறவையே காணாமல் போனது.

"மெதுவா சொல்லிக் குடும்மா," என்று மாமனார் கிசுகிசுத்தார். "குடும்ப மானம் போகுது."

எதை அழுத்துவது என்று மூலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை சொன்னால் பணம் வந்துவிடும். அடுத்த வருடமும் இதே மூலையில் உட்காரலாம். நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கினாள்.

நாற்காலியைத் தூக்கி வந்து கேமராவுக்கு நேராகப் போட்டாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள் கணவனிடம். காணாமல் போன பறவையை மீட்டாள். மறு நொடி சிறகு மட்டும் பச்சையானது. "இதெல்லாம் நான் வரைஞ்சது, மேடம்."

ஊழியை பழைய படிவத்தைத் திறந்து பார்த்தாள். "அப்போ படிவத்துல இவர் பேரு?"

"என்னைக் கேக்காம எழுதிட்டாங்க. இனிமே நானே எழுதுறேன்."

"கடையையும் பேங்க் கணக்கையும் உங்க பேருக்கு மாத்தணும். பணம் ஒரு மாசம் தள்ளிப் போகும். பரவாயில்லையா?"

மேசைக்கடியில் கணவன் அவள் காலை மிதித்தான்.

"பரவாயில்ல மேடம். வாடகைக்கு வீட்டு ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

திரை அணைந்ததும் அவன் குதித்தான். "என் மூஞ்சியில கரியைப் பூசிட்டியே!"

"நான் சிறகுக்குப் பச்சை மட்டுந்தாங்க பூசினேன்," என்றாள்.

புதுப் படிவத்தைத் திறந்தாள். மாமனாருக்குப் பழக்கம் விடுமா? பின்னால் நின்று ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்தார். "பேர்..." தன் பேரை அடித்தாள். "தொழில்..." வடிவமைப்பாளர் என்று அடித்தாள். முதல் தடவையாக அடிக்கிறாள்.

"உங்களைச் சார்ந்திருப்..." அவர் குரல் பாதியில் நின்றது. மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான்.

அவள் திரும்பினாள். "சொல்லுங்க மாமா. கேக்காம எழுதுறது தப்பில்லையா? உங்க ரெண்டு பேரையும் இதுல போட்டுக்கட்டுமா?"