கரண்ட் ஜீப்புக்குப் பதினோராவது கேள்வி

1

இந்தக் கதை ஒரு விளம்பர வேலையில் பிறந்தது. ஒளிப்பானேன்? வரக்காப்பொலயில் வாகனக் கடை வைத்திருக்கும் றிஸாத் என் பழைய மாணவன். "சேர், அடுத்த மாசம் கரண்ட்டுல ஓடுற ஜீப் ஒண்டு வருது. வாங்கிற ஆக்கள் என்னென்ன கேப்பாங்கண்டு எழுதித் தாங்களேன்" என்றான். பத்துக் கேள்வி போதுமாம். நான் கதைக்காரன், பத்தோடு நிறுத்தத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "தெரணியகலை மலைகளில் பனி விலகியபோது..." (வேண்டாம். பனி இல்லாமல் ஒரு கதை தொடங்கக் கூடாதா?)

இரண்டாவது: "ஒருமுறை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம்..." (இது றிஸாத்தின் நோட்டீஸ்.)

மூன்றாவது: சுரேந்திரன் தன் பழைய டீசல் ஜீப்பை விடுவதா என்று யோசிக்கிறான். இது நிற்கட்டும். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து கிளினிக்குக்கும் டவுனுக்கும் ஆள் இறக்குவது அந்த ஒரு ஜீப்தான். வெள்ளிக்கிழமைக்குள் பழையதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் முதல் வண்டி அவனுக்கு. அந்த முடிவு தவறிப்போனால் அவன் பிழைப்பும் போச்சு, டிவிஷனின் போக்குவரத்தும் போச்சு.

3

கேள்வி சேர்க்க மேலே போனேன்.

"லயத்துல சார்ஜ் போட்டா பத்து வீட்டு லைட்டும் போயிருமாங்க?" என்றார் பத்து வீடு ஒட்டி நிற்கும் மேல் லயத்தில் குடியிருக்கும் வெள்ளையம்மா.

"ஆத்துத் தண்ணி ஏறுனா கரண்ட் அடிக்குமா?" இது சுரேந்திரனின் மனைவி கோகிலா.

றிஸாத்திடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.*

* லயத்துக் கேள்விக்கு மட்டும் "பாப்பம் சேர்" என்றான்.

4

(சுரேந்திரனை முதலில் ஆடம்பரப் பிரியனாக எழுதியிருந்தேன். அது பொய். அடித்துவிட்டேன்.)

மாதிரி வண்டி வந்தது. காலை ஆறரைக்கு சுரேந்திரன் ஓட்ட, றிஸாத்தும் நானும் ஏறிக்கொண்டோம். ஏற்றத்தில் அலுங்காமல் குலுங்காமல் போனது. மேல் லயத்தின் முன்னால் நிறுத்தினோம். ஒருவரும் வரவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தோம்.

கடைசியில் அந்த லயத்து விஜயகலா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். "என்னாண்ணே, வந்தத சொல்லக் கூடாதா? கீழ் வளைவுல ஜீப்பு உறுமுனாத்தான நாங்க ரொட்டிய சுத்திக்கிட்டு எறங்குவோம். கிளினிக்குல நம்பர் முடிஞ்சிருக்குமே!"

"ஹோன் அடிக்கலாமே அண்ணன்?" என்றான் றிஸாத்.

"அடிச்சா மீன்காரன்னு சட்டியோட வருவாங்க தம்பி" என்றான் சுரேந்திரன்.

எல்லோரும் சிரித்துவிட்டோம், விஜயகலா உட்பட. சத்தமே இல்லாத வண்டி வருவது எப்படித் தெரியும் என்று எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. பதினோராவது கேள்வி கிடைத்துவிட்டது.

5

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறான். எல்லோரும் கடிகாரம் பார்க்கப் பழகி... (ரொம்ப லேசு.)

முடிவு ஆ: போடவில்லை. அடுத்த மழையில் பழைய ஜீப் ஏற்றத்தில் நின்றுபோய், உள்ளே விஜயகலாவின் குழந்தை காய்ச்சலில்... (எழுதக் கை வரவில்லை.)

வியாழக்கிழமை சுரேந்திரனே போனில் கூப்பிட்டான்.

"சேர், கதையில நான் வாங்கிட்டேனா?"

"இன்னும் இல்ல. வாங்க வச்சிடவா?"

"அவசரப்படாதீங்க சேர். சாயந்தரம் கோயில்ல டிவிஷனே கூடுது. ஏறுறவங்க அவங்க. நீங்களும் நானும் எப்பிடி முடிவு சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு முடிவு எழுதிப் பார்த்தவன், ஏறுகிற ஒருவரிடமும் வாங்கலாமா என்று வாய் திறந்து கேட்கவில்லை. பேனையை மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். மேலே ஏறிப்போய் அவர்களைக் கேளுங்கள்.