ஏழு மெகாஹெர்ட்ஸில் தனலெட்சுமி

1

இந்தக் கதையை எழுதிக்கொள்ளத் தனலெட்சுமி சம்மதம் சொன்னாள். 'சொன்னாள்' என்பது தவறு. அவள் மடியில் எப்போதும் ஒரு சிறிய வெள்ளைப் பலகை இருக்கும். அதில் மார்க்கரால் எழுதிக் காட்டினாள்: "எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவம்னு எழுதாத."

நானும் அவளும் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. பிறகு இருபத்தாறு வருடம் அவள் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இருந்தாள். "நம்பர் பதினேழு! மணியம்! சீக்கிரம் வாங்க லா!" என்று அவள் கூப்பிட்டால் எதிர்வரிசைக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் மணியம் எழுந்து ஓடிவருவார். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறாள். அதன்மேல் ஒரு மெல்லிய துணி.

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது: குரல் போன நாளில் வானம் இருட்டிக்கொண்டு—

(அடித்துவிட்டேன். அன்று வானம் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அவள் மயக்கத்தில் இருந்தாள்.)

2

வீட்டுக்கு வந்தபின் அவள் வெளியே போவதை நிறுத்திக்கொண்டாள். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பாசாரில் ஒருமுறை அதை வைத்து மீன் விலை கேட்டாள். இயந்திரக் குரல் கேட்டு நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு அது அலமாரிக்குள் போனது. பலகையும் உதவவில்லை. "நான் எழுதி முடிக்கறதுக்குள்ள எல்லாரும் அடுத்த கதைக்குப் போயிடுறாங்க" என்று எனக்கு எழுதிக் காட்டினாள்.

இனி அவள் கணவர் கனகராஜ். செனாயில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன். உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். பின்னறையில் வானொலிக் கருவியை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஊர்க்காரர்களோடு மோர்ஸ் குறியில் பேசுவது அவர் பொழுதுபோக்கு. இந்த மனிதரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம். முதல் வரைவில் அவர் தங்கமான கணவர். நம்பமுடியவில்லை. இரண்டாவதில் கல்நெஞ்சக்காரர். அதுவும் பொய். நடந்தது இதுதான்: மனைவி பேசமாட்டாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து வந்ததும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தாங்க முடியாததால்தான் போனார். ஆனால் போய்விட்டார்.

(இந்தப் பத்தியை அவர் படித்தார். "வெட்ட வேணாம். உண்மதானே" என்றார்.)

3

இருபது வருடமாகச் சுவர் வழியே அந்த மோர்ஸ் சத்தத்தைக் கேட்டவள் அவள். அவர் வேலைக்குப் போன நேரங்களில் பின்னறையிலிருந்த பழைய மோர்ஸ் புத்தகத்தை எடுத்து, நான்கு மாதம் யாருக்கும் தெரியாமல் படித்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம். அவள் சமையலறையில் கரண்டியால் எவர்சில்வர் தட்டைத் தட்டினாள். குறிலும் நெடிலுமாக ஐந்து ஆங்கில எழுத்து. பின்னறைக் கதவு திறந்தது. கனகராஜ் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கியபடி வந்து நின்றார்.

"நீயா தட்டுன?"

அவள் மறுபடி தட்டினாள். M-A-K-A-N. மாக்கான். சாப்பிட வா என்பதற்கு மலாயில் ஒரே சொல்.

அவர் சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மேசையை விரலால் தட்டி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் தட்டினாள். சோறு ஆறிப்போய்விட்டது.

4

அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கு அவளும் தேர்வெழுதினாள். முதல் தடவை தோற்றாள், இரண்டாவதில் உரிமம் கிடைத்தது. கனகராஜின் பழைய வால்வு கருவி அதற்குள் களைத்துவிட்டது. தன் சேமிப்பிலிருந்து புதிதாக ஒன்று வாங்கினாள்.

(தொழில்நுட்பத்துக்கு ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கருவி எந்தக் கம்பியை ஆண்டெனாவாகக் கட்டினாலும் சமாளித்துக்கொள்ளும். புதியது அப்படியில்லை. ஆண்டெனா ஒத்துவராவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் சக்தியைக் குறைத்துவிடும். கருவிக்கும் கம்பிக்கும் நடுவே இருந்து இரண்டையும் ஒத்துப்போகவைக்கும் பெட்டிக்கு ட்யூனர் என்று பெயர்.)

கனகராஜ் ட்யூனரை இணைத்த ஞாயிறு மாலை நானும் அங்கே இருந்தேன். அவள் மோர்ஸ் தட்டும் சாவியை அழுத்தினாள். மீட்டர் முள் அசையவில்லை. கம்பியில்தான் கோளாறு என்று கனகராஜ் பக்கத்து வீட்டுச் செல்வாவிடம் ஏணி வாங்கி, ரம்புத்தான் மரத்தில் ஏறினார். அவள் ட்யூனரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கருவியின் கேபிள் ஆண்டெனா துளையில் இருந்தது. ஆண்டெனா கேபிள் கருவித் துளையில்.

"நான் கூப்பிடவா?" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். ஸ்பேனரை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினாள். மரத்திலிருந்து தலை திரும்பியது.

"என்னா, எறங்கணுமா? ஏன்?"

இன்னும் ஐந்தாறு சொல் தட்டினாள்.

"அலமாக்! நான்தான் மாத்திக் குத்திட்டேனா?"

அவர் கீழே வந்து சேர்வதற்குள் அவளே கேபிள்களை மாற்றிப் பொருத்திவிட்டாள். பெட்டிக்குள் டிக்டிக்கென்று சத்தம். முள் எழுந்தது.

5

அவர் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அவள் ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், யார் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பை அனுப்பினாள். மூன்றாவது தடவை பதில் வந்தது. சுமத்ராவில் பாடாங் என்ற ஊரிலிருந்து யூஸ்மான் என்பவர். அவள் பென்சிலால் எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டே போனாள். நான் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்தேன். உங்கள் சிக்னல் தெளிவாக இருக்கிறது. கை வேகம் நன்றாக இருக்கிறது. ஜொகூரில் மழையா?

பிறகு: "குரலுக்கு மாறலாமா? உங்கள் குரலைக் கேட்க ஆசை."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள், அவர் நெகிழ்ந்துபோய்— (வெட்கமாக இருந்தது.) இன்னொன்றில், மைக் கெட்டுப்போச்சு என்று பொய் சொல்கிறாள். மூன்றாவதில் கருவியை அணைத்துவிடுகிறாள். அதை எழுத எனக்குக் கையே வரவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் சாவியில் கை வைத்து நான்கு நிமிடம் போல அனுப்பினாள். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். பிறகு பதில் வந்தது, நீளமாக. அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அவள் தோள்கள் குலுங்கின. கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று விசிலடித்தது. இப்போது அவள் சிரிப்பது அப்படித்தான்.

கனகராஜ் உள்ளே வந்தார். "என்னா சொல்றாரு அவரு?"

அவள் மேசையில் தட்டினாள். அவரும் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மோர்ஸ் தெரியாத எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கேட்டேன். அவள் பலகையை எடுக்கவில்லை.

யாரோடு எப்போது பேசினாள் என்று குறித்துவைக்கும் அவளுடைய பதிவு நோட்டில் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நேரே அதே பாடாங் மனிதரின் பெயர் இருக்கிறது. அதற்கு மறுநாளும். அவள் அவருக்கு என்ன சொல்லியிருந்தால் முன்பின் தெரியாத ஒருவர் அப்படித் திரும்பத் திரும்ப வருவார் என்று யோசித்து, அந்த நான்கு நிமிடத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.