வாசல் வைக்காத காட்சிக்கூடம்

ஓவியக் கண்காட்சிக்கான இணையதளத்தின் மூன்றாவது கூடத்துக்குள் வடிவமைப்பாளரின் கணவர் நுழைந்தது செவ்வாய்க்கிழமை மதியம். அவர் செருப்பு மேசைக்கடியில் கிடந்தது. ஆள் திரைக்குள், ஒரு நீல ஓவியத்தின் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மனைவி எந்தத் தளம் செய்தாலும் முதலில் சுற்றிப் பார்ப்பவர் அவர்தான், ஆகவே உள்ளே போனதில் அதிசயமில்லை. வெளியே வருவதுதான் சிக்கல். பார்க்க வருகிறவர்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால் இந்தத் தொழிலில் யாரும் வெளிவாசல் வரைவதில்லை, அவளும் வரையவில்லை. அவருக்கு வர மனமும் இல்லை. காலையில் "எனக்கு வேலை போயிடுச்சு" என்று அவர் சொன்னபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லதுங்க" என்றிருந்தாள்.

கண்காட்சிக்காரர் போன் செய்தார். "யாரோ ஒருத்தர் படத்த மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஆறு மணிக்குத் திறப்பு. நேத்து நீங்க குடுத்த காலிக் கூடத்தையே இதுக்கு மேல ஏத்திடறோம், இது அழிஞ்சிடும். கவலப்படாதீங்க."

எதையும் தொடுமுன் நகல் எடுத்து வைப்பது அவள் கைப்பழக்கம், அந்தக் கூடத்தையும் எடுத்து வைத்தாள். பிறகு கூடத்தின் சுவரில் ஒரு கதவு வரைந்து, அதன் பின்னால் தங்கள் வீட்டு முன்னறையை ஒட்டினாள். அவர் திரும்பவேயில்லை. கத்திக் கூப்பிட்டாள், தளத்தில் ஒலி வைத்திருக்கவில்லை. ஆறு மணி நெருங்கிவிட்டது. நீல ஓவியத்தின் அடியிலிருந்த விளக்கத்தை அழித்துவிட்டு, "தப்பு என்னோடதுதான், வந்துடுங்க" என்று எழுதினாள். அவர் நிதானமாகப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். கதவைத் தாண்டி அவர் முன்னறையில் கால் வைத்ததும் திரையில் காலிக் கூடம் வந்து விழுந்தது. அவர் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

நகலின் நினைவு அப்புறம்தான் வந்தது. திறந்தால், அதே கூடம், அதே முதுகு. அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனதை மறைப்பதற்கில்லை; ஒரு வீட்டில் இரண்டு கணவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அதுவும் நான்தான்," என்றார் கணவர்.

அங்கேயும் ஒரு கதவு வரைந்தாள். ஓவியத்தின் கீழே எழுதப் போனவளின் கையை அவர் விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "எழுதினதெல்லாம் போதும். வாயால சொல்லு."

ஒலி சேர்க்க மறுநாள் மதியம் வரை ஆனது. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்ல அதற்கு மேலும் கொஞ்ச நேரம் ஆனது. அழுதாள், சொன்னாள். முதுகு திரும்பியது.

முன்னவர் வேறு வேலைக்குப் போகிறார். பின்னவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்தார் அவரைக் கொழுந்தனார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வீட்டில் யார் பேசினாலும் அவள் திரையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாள். இருவர் குரலும் ஒன்றாக இருப்பதால், பேசியது யார் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.