புல்தரைத் தண்ணீர்

காலை ஐந்து நாற்பதுக்கு பாஸ்கல் குளத்துக்கு வந்தார். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

தாடிக்கொம்புப் பக்கம் அவர் குத்தகைக்கு எடுத்த சின்னக் குளம். கட்லா, ரோகு மீன் குஞ்சுகள் விட்டு எட்டு மாதம். தவக்காலத்து வெள்ளிகளில் கறி எடுக்காத வீடுகள் மீன் கேட்டு வரும். நாளை மறுநாள் வலை இறக்க ஆள் சொல்லியிருந்தார். இதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

பச்சைத் தண்ணீர் என்றால் மீன் வளர்ப்பவர்களுக்குச் சந்தோஷம். குஞ்சு விடும்போது அவர்களே சாணியோடு கொஞ்சம் யூரியாவும் கரைப்பார்கள். பாசி பிடிக்கும், மீன் தின்று வளரும். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் புல்தரை உண்டு. தோட்டக்காரர் நல்லுசாமி அதற்கு வாராவாரம் யூரியா தூவித் தண்ணீர் விடுவார். மிஞ்சியது சாலையில் ஓடும். கார்த்திகையில் பாஸ்கலே போய்க் கேட்டார்.

"ரோட்டுக்கு எதுக்கு அப்பு உரம்? என் பக்கம் திருப்பி விடு. மாப்பிள்ளை வீட்டுப் புல்லு திங்கிறத என் மீனும் திங்கட்டும்."

இருவரும் ஒரே சாயங்காலத்தில் வாய்க்கால் வெட்டி முடித்தார்கள்.

தண்ணீர் பச்சையானது. தை முடிவதற்குள் கூழாகத் தடித்தது. பாஸ்கல் இரண்டு கையாலும் அள்ளி மனைவி பாத்திமாவிடம் காட்டினார். பிறகு மூன்று நாள் மூட்டம். வெயில் இல்லாமல் பாசி செத்து அழுகியது.

"பாசி அழுகுனா தண்ணியில இருக்க காத்தெல்லாம் போயிரும்," என்றார் அன்று காலை போனில் மீன்துறைக்காரர். "புதுத் தண்ணி விட்டுப் பாருங்க."

கிணற்று மோட்டாரைப் போட்டார்கள். நல்லுசாமி மண்டபத்துக் குழாயை இழுத்து வந்து பீய்ச்சினார். எட்டு மணிக்குக் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். தவளைகளும் மிதந்தன. தினமும் வரும் நீர்க்காகங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்காமல் போயின. ஏறிய தண்ணீர், மிஞ்சியது வெளியேறும் கலுங்கில் வழிந்து குடகனாற்றுப் பக்கம் ஓடியது.

"நான் புல்லுக்குத்தானே போட்டேன்," என்றார் நல்லுசாமி.

"உன்னை யாருய்யா குத்தம் சொன்னா? வாங்கி ஊத்திக்கிட்டது நானு."

நல்லுசாமி மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் வாயில் மண்ணைத் தள்ளினார். ஏறி நின்று மிதித்தார்.

பாஸ்கல் குளத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அதை அடைச்சிட்ட. உள்ள வந்தத என்னய்யா செய்ய?"