அரைச் சுற்று

எங்கள் கடை வாசலில் இரண்டு பலகைகள். வலது பக்கம் 'தூண்டில் சாமான்கள்'. அது சித்தப்பா. இடது பக்கம் 'துணிகள் ஆல்டர் செய்து தரப்படும்'. அது நான். உள்ளே வந்தால் ஒரே அறைதான். முன்பாதியில் தூண்டில் கம்புகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் தூண்டில் நரம்பு சுற்றும் ரீல்களும். பின்பாதியில் என் தையல் மிஷின், ஜிப் டப்பா, யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு மறந்துபோன நாலைந்து கால்சட்டைகள். நடுவில் கல்லாவில் சித்தி. வருகிறவர் முகத்தைப் பார்த்ததுமே வலமா இடமா என்று பிரித்து அனுப்புவது அவள் வேலை. அதில் அவள் தவறியது ஒரே ஒருவர் விஷயத்தில்தான்.

அந்த ஒருவர் மாட்டு டாக்டர். ஒரு சனிக்கிழமை, கோட்டின் பையைக் கன்றுக்குட்டி மென்றுவிட்டது என்று கையில் பாதிப் பையோடு வந்தார். சித்தி என் பக்கம் கை காட்டினாள். நான் பையைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே, "தையல்ல நானும் கொஞ்சம் ஆள்தாங்க" என்று ஊசி கேட்டு வாங்கி, தொங்கிக்கொண்டிருந்த பட்டனை அவரே தைத்தார். கடைசியில் போட்ட முடிச்சைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூலை இரண்டு சுற்று சுற்றி இறுக்கி, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று போட்டு மறுபடி இறுக்கியிருந்தார்.

"இது கோட்டா, கன்னுக்குட்டியா டாக்டர்?"

"பழக்க தோஷம். இப்படிப் போட்டா மாடே எழுந்து ஓடினாலும் அவிழாது."

அவர் கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் சிக்கு விழுந்த தன் ரீலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். என் இரண்டாவது தொழில் அது. சித்தப்பா விற்கும் சாதாரண ரீலில் நைலான் நரம்பு தானாக வழுக்கிக்கொண்டு போகும், யார் வேண்டுமானாலும் வீசலாம். பெய்ட்காஸ்டிங் ரீல் அப்படியில்லை. வீசும்போது அதன் உருளையே சுழலும். முன்னால் பறக்கிற ஈயக்குண்டு வேகம் குறைகிற நேரத்தில் கட்டைவிரலை லேசாக வைத்து உருளையை அடக்க வேண்டும். தவறினால் உருளை தன் பாட்டுக்குச் சுற்றி, போக இடமில்லாத நரம்பெல்லாம் பொங்கி, ஒரு வாரம் தலை வாராத பிள்ளையின் மண்டை மாதிரி ஆகிவிடும். மற்ற கடைகளில் வெட்டி எறியச் சொல்வார்கள். நான் மொட்டை ஊசியால் ஒவ்வொரு வளையமாக எடுத்துவிடுவேன். அதனால்தான் சித்தப்பாவுக்கு நான் 'ஊசி'.

டாக்டர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகச் சித்தப்பாவிடம் போனார்.

"எனக்கு ஒரு ரீல் வேணும். இந்த மாதிரி."

"இதுக்கு முன்னாடி மீன் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ இது வேண்டாம். சாதாரண ரீல் எடுத்துக்குங்க."

"இல்லல்ல, இதுதான்."

சித்தப்பா பெருமூச்சு விட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். "எந்தக் கையால வீசுவீங்க? வலதா? அப்போ கைப்பிடி இடது பக்கம் இருக்கிறதை எடுக்கணும். அப்பத்தான் கம்பைக் கை மாத்தாம சுத்தலாம். இந்த வகையில கைப்பிடியைப் பின்னாடி மாத்திப் போட முடியாது டாக்டர். கல்யாணம் மாதிரி. முன்னாடியே பார்த்து எடுத்துக்கணும்."

"இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள் சித்தி.

"நீ சும்மா இரு. டாக்டர், கைப்பிடி ஒரு சுத்துக்கு உருளை அஞ்சு சுத்து சுத்துறது இது. நிதானம், ஆனா இழுவை பலம். இது ஏழு, வேகமா இழுக்கும். நீங்க என்ன மீன் பிடிக்கப் போறீங்க?"

"மீனா?" டாக்டர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவே இல்லை போலிருந்தது. "பெரிசா... ஏதாவது. இதுல எதுலங்க சிக்கு அதிகமா விழும்?"

சித்தப்பா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாரும் எதுல விழாதுன்னுதான் கேப்பாங்க."

"தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

எச்சரிக்கையான மனிதர் என்று நான் நினைத்தேன். எதில் விழும் என்று தெரிந்தால் அதைத் தவிர்க்கலாமே. சித்தப்பா ஏழு சுற்று ரீலைக் காட்டினார். டாக்டர் அதையே எடுத்துக்கொண்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

முதல் தடவை இந்த வகை வாங்குகிறவர்களுக்குச் சித்தப்பா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை கடையின் பின்கட்டுக்கு வர வேண்டும். இருபது அடி தள்ளி ஒரு பழைய துணி ஊறவைக்கும் தொட்டி நிறையத் தண்ணீர். மூன்று வீச்சு. ஒரு வீச்சிலாவது குண்டு தொட்டிக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் ரீலைத் திருப்பி வாங்கிக்கொண்டு சாதாரண ரீல் கொடுத்துவிடுவார். பாதிக் கற்றவன் கையில் நல்ல ரீல் வதைபடுவதை அவரால் பார்க்க முடியாது.

அடுத்த சனிக்கிழமையே டாக்டர் சிக்கோடு வந்தார். அசல் சிக்கு. பத்து நிமிட வேலை. "ஒரு மணி நேரமாகும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரசவத்துக்கு அடம்பிடித்த மாடு, தன்னைக் கடித்த வாத்து, கிளிக்கு ஜலதோஷம் என்று அழைத்துப்போய்க் கிளியைவிட அதிகமாகத் தும்மிய வீட்டுக்காரர் என்று கதை கதையாகச் சொன்னார். நான் பதிலுக்கு ரீலில் உள்ள திருகைப் பற்றி விளக்கினேன். கைப்பிடியை ஒட்டி ஒரு சின்னத் திருகு இருக்கும். அதுதான் உருளையின் கடிவாளம். தளர்ந்தால் உருளை தறிகெட்டு ஓடும். இறுகினால் அசையாது. குண்டைத் தொங்கவிட்டுக் கட்டைவிரலை எடுத்தால் அது அவசரமில்லாமல் இறங்க வேண்டும். அந்த இடத்தில் திருகை நிறுத்த வேண்டும். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது சனிக்கிழமை சிக்கு சின்னதாகிவிட்டது. எனக்குத் திக்கென்றது. இந்த மனிதர் கற்றுக்கொண்டு வருகிறார்! இன்னும் ஒரு வாரம் போனால் சிக்கே விழாது. சிக்கு விழாத ரீலை யார் என்னிடம் கொண்டுவருவார்கள்?

நான் செய்தது தப்புதான். சிக்கெடுத்து முடித்து, துணியால் துடைக்கிற சாக்கில், திருகை அரைச் சுற்று தளர்த்திக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் பிரமாதமான சிக்கோடு வந்தார். நான்காவது வாரம் அதைவிட. ஒவ்வொரு வாரமும் நான் தளர்த்தினேன், ஒவ்வொரு வாரமும் அவர் வந்தார். ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. வழக்கமான சிக்கில் வளையத்துக்குள் வளையம் இருக்கும், முடிச்சு இருக்காது. இதில் எந்த ஊசிக்கும் அசையாத முடிச்சுகள் இருந்தன. நரம்பு செய்த கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். டாக்டரும் என்னோடு சேர்ந்து திட்டினார்.

"ஏண்டி, அந்த ஆளுக்கு மட்டும் எப்படி வாரம் தவறாம சிக்கு விழுது?" என்றாள் சித்தி.

"கை பழகல."

"மாட்டுக்குள்ள கைய விட்டுக் கன்னை எடுக்குற கை. இதுக்குப் பழகலையாமா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை டாக்டர் கதை ஒன்றும் சொல்லவில்லை. ரீலை வைத்துவிட்டுத் தொட்டி இருக்கும் பக்கத்தையே பார்த்தார்.

"நாளைக்கு விழலேன்னா ரீலை வாங்கிடுவாரா?"

"வாங்கிடுவார்."

"சாதாரண ரீல்ல சிக்கே விழாதா?"

"விழாது."

முகம் தொங்கிப்போயிற்று. ரீலை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று. அவர் போன பிறகு சிக்கை எடுத்தேன். ஒரு முடிச்சு வரவே இல்லை; அந்த இடத்தை மட்டும் வெட்டிக் குப்பை டப்பாவில் போட்டேன். விரல்கள் வழக்கம்போல் திருகை அரைச் சுற்று தளர்த்தின. அப்போது அந்த முகம் ஞாபகம் வந்தது. நாளை எல்லார் முன்னாலும் அவர் தோற்றால், தோற்கடித்தது நான்தான். ஜெயித்தால் வர மாட்டார். தோற்றாலும் வர மாட்டார். எப்படியும் வரப்போவதில்லை என்றால், சிரித்துக்கொண்டாவது போகட்டும். அரைச் சுற்றைத் திரும்ப இறுக்கினேன். குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சொன்ன பேச்சு கேட்டு நிதானமாக இறங்கியது.

ஞாயிறு காலை ஏதோ ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து நேராகக் கோட்டோடு வந்தார் டாக்டர். முழங்காலில் வைக்கோல். நான் கம்பையும் ரீலையும் கையில் கொடுத்தேன். "நல்லா வீசுங்க" என்றேன். "ம்" என்றார். பின்கட்டுக்கு நான்கு படி. அவர் இறங்கினார், நான் பின்னால் போனேன்.

சித்தி கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சித்தப்பா டாக்டருக்கு மூன்றடி முன்னால், சற்று ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இது வரை அந்த இடத்தில் யாருக்கும் ஆபத்து வந்ததில்லை.

"முதல் வீச்சு!"

டாக்டர் கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் அழகாக விசிறினார். பார்த்த எனக்கே வீச்சு சுத்தம் என்று தெரிந்தது. ஆனால் குண்டு பறக்கவில்லை. எழும்பியது, யாரோ வாலைப் பிடித்து இழுத்த மாதிரி நடுவானில் நின்றது, பொத்தென்று சித்தப்பாவின் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

"ஐயோ!"

"தொட்டி அந்தப் பக்கம் டாக்டர்" என்றாள் சித்தி.

சித்தப்பா ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே வந்து ரீலைப் பிடுங்கினார். உருளையைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "திருகு இப்படி இறுகியிருக்கு! யார் இறுக்கினது?"

"நான்தான்" என்றோம் நானும் டாக்டரும், ஒரே நேரத்தில்.

சித்தப்பா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு திருகைக் கண்ணருகே கொண்டுபோனார். "இதென்ன பச்சைப் புள்ளி?" எங்கேயோ பட்ட பெயிண்ட் என்று நான் பொருட்படுத்தாத புள்ளி அது.

டாக்டர் நெளிந்தார். "ஆட்டுக் காதுல அடையாளம் போடுற மை. சரியா இருக்கிறப்போ புள்ளி மேல இருக்கும்."

"இப்போ கீழே இருக்கு."

"நான் இப்பத்தான் படியில இறங்கும்போது அரைச் சுத்து இறுக்கினேன். பார்க்கக்கூட இல்ல, விரல் தானா திருகிடுச்சு."

"எதுக்கு?"

டாக்டர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இங்கேருந்து வாங்கிட்டுப் போறப்பெல்லாம் அரைச் சுத்து தளர்ந்திருக்கும். நாலு வாரமா."

சித்தப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஊசி?"

பூமி பிளந்தால் நான் போய் உட்கார்ந்துகொள்ளத் தயாராக இருந்தேன். அது பிளக்கவில்லை. ஆகவே யோசித்தேன். யோசித்ததும் ஒன்று இடித்தது.

"இருங்க. நான் தளர்த்தினதை நீங்க உடனே சரி பண்ணிட்டீங்கன்னா, வாரா வாரம் சிக்கு எப்படி விழுந்துச்சு?"

டாக்டர் தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் உதவி ஒன்றும் இல்லை.

நான் உள்ளே ஓடிக் குப்பை டப்பாவைக் கவிழ்த்தேன். நேற்று வெட்டிப்போட்ட முடிச்சு கிடைத்தது. அதைக் கொண்டுவந்து, கேட்காமல் கொள்ளாமல், அவர் கோட்டுப் பட்டனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டு சுற்று, இறுக்கு, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று, இறுக்கு. மாடே எழுந்து ஓடினாலும் அவிழாது.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் சித்தி, ஏதோ நெடுநாள் கேட்ட வரம் கிடைத்த மாதிரி. "உக்காந்து முடிச்சுப் போட்டுக் கொண்டாந்திருக்காரு!"

"ராத்திரி ரெண்டு மணி நேரம் ஆகுங்க" என்றார் டாக்டர் பரிதாபமாக. "மூணாவது வாரமே நல்லா வீசப் பழகிட்டேன். சிக்கு விழவே மாட்டேன்னுது."

"கம்பெனியைத் திட்டினீங்களே!"

"நீங்க திட்டினீங்க. கூட நின்னேன்."

"சிக்கு எதுல அதிகமா விழும்னு கேட்டது இதுக்குத்தானா?" என்றார் சித்தப்பா. "நாலு வாரமா ஒருத்தர் தளர்த்தி, ஒருத்தர் இறுக்கி, நடுவுல முடிச்சு வேற. வாயில்லா ஜீவனை இப்படியா படுத்துறது? நீங்கல்லாம் ஒரு மாட்டு டாக்டர்!" விரலைத் தேய்த்துக்கொண்டார். "சரி, நிபந்தனை நிபந்தனைதான். இன்னும் ரெண்டு வீச்சு இருக்கு. நான் தொட்டிக்குப் பின்னாடி நிக்கிறேன்."

டாக்டர் புள்ளியை மேலே கொண்டுவந்தார். இந்த முறை குண்டைத் தொங்கவிட்டும் பார்த்தார். இரண்டாவது வீச்சு தொட்டி விளிம்பில் டங்கென்று பட்டுத் தெறித்தது. மூன்றாவதற்கு முன் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உருளை சீராகச் சுழன்றது, கட்டைவிரல் பூப்போலத் தொட்டது, குண்டு தொட்டியின் நடுவில் விழுந்து சித்தப்பாவை நெஞ்சுவரை நனைத்தது.

"ரீல் உங்களுது" என்றார் சித்தப்பா, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

டாக்டர் ஜெயித்தவர் மாதிரியே இல்லை. "அப்போ இனிமே சிக்கு விழாது" என்றார்.

"சிக்கு இருந்தாத்தான் வரணும்னு யார் சொன்னது?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"வந்து... என்ன சொல்றது?"

"முடிச்சுப் போடாம, இருக்கிறதைச் சொல்லுங்க."

அவர் சித்தியைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், கடைசியாக என்னை. "உங்களைப் பார்க்கத்தாங்க வந்தேன். கோட்டுப் பை கிழிஞ்ச நாள்லேருந்து."

"வலமா இடமான்னு இனிமே நான் முழிக்க வேண்டாம்" என்றாள் சித்தி. எழுந்து, ஈரச் சட்டைக்காரரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவருக்குப் போக மனமில்லை. "ஊசி, தொட்டித் தண்ணியைக் கொட்டிடு" என்று கத்திக்கொண்டே போனார்.

டாக்டர் கம்பை என்னிடம் நீட்டினார். "நீங்க ஒரு தடவை வீசுங்களேன்."

எத்தனையோ ஆயிரம் சிக்கு எடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட வீசியதில்லை. அவரிடம் சொல்லவில்லை. அவரை மாதிரியே கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், வீராப்பாக விசிறினேன். குண்டு எங்கே போயிற்றோ தெரியாது. உருளை வீரிட்டது, கட்டைவிரலை நான் மறந்தே போனேன், நரம்பு கைகொள்ளாமல் பொங்கி வழிந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு சிக்கை நான் பார்த்ததில்லை.

டாக்டர் அதை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். "இது அசல்" என்றார் மரியாதையாக. உள்ளே போய் என் மொட்டை ஊசியைத் தேடி எடுத்து, எனக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டு, தான் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் நேரம் ஆகுங்க. மத்தியானம் வரைக்கும்கூட ஆகும். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

பார்க்கத்தான் பயங்கரம். என் கைக்குப் பத்து நிமிட வேலை அது. நான் வாயே திறக்கவில்லை.