பெனிட்டா வியன்னாவில் இருக்கிறாள்

சனிக்கிழமை சாயங்காலம் பெனிட்டா தோழிகளோடு வியன்னாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அதாவது, அவளுடைய சொந்த ஊரான மண்ணூரில் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளோ மண்ணூருக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்து லேடீஸ் ஹாஸ்டலின் மேல் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஷெர்லின் அனுப்பிய படங்களைத் தன் ஸ்டேட்டஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அரண்மனை ஒன்று. பெரிய ராட்டினம் ஒன்று. ஒரே கேக்கைச் சுற்றி நாலு கைகள் ஒன்று. ‘ஃப்ரெண்ட்ஸோட வீக்கெண்ட்’ என்று எழுதிப் பக்கத்தில் ஓர் இதயத்தையும் ஒட்டினாள். பொய் சொல்வதென்று ஆகிவிட்ட பிறகு இதயத்தில் என்ன கஞ்சத்தனம்?

ஷெர்லின் நிஜமாகவே போலந்தில் படிக்கிறாள். பெனிட்டாவும் அவளோடுதான் ஊரைவிட்டுக் கிளம்பினாள். கிளம்புமுன் சபையில் தோத்திர ஆராதனை வைத்து, பாஸ்டர் அவள் தலைமேலும் பெட்டிமேலும் கைவைத்து ஜெபித்தார். மைக்கைக் கண்டாலே நடுங்குகிற அப்பா சாலமோன் அன்றைக்கு மேடையேறி, “எம் பொண்ண கர்த்தர் கடல் தாண்டி கூட்டிக்கினு போறாரு” என்று சாட்சி சொல்லி அழுதார். பெங்களூர் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே விமானம் என்று ஏற்பாடு. ஷெர்லினுக்கு விசா வந்திருந்தது. பெனிட்டாவுக்கு மறுத்துவிட்டார்கள். அவள் விமானம் ஏறினாள், இவள் திரும்பிப் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில்தான் அப்பாவின் சாட்சி நினைவுக்கு வந்தது. சபை நடுவே கர்த்தரையே ஜாமீன் வைத்துப் பேசிவிட்ட மனுஷன் முன்னால் அந்தப் பெட்டியோடு போய் நிற்க அவளுக்குக் கால் வரவில்லை. மறுபடி அப்ளை பண்ணினால் ஒரு மாதத்தில் கிடைத்துவிடும் என்றான் ஏஜெண்ட். ஒரு மாதம்தானே என்று ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். ஏஜெண்ட் இப்போது போனையே எடுப்பதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்தப் பூசணிக்காய்க்குக் கையும் காலும் பசியும் வேறு இருந்தன.

லீவு நாளில் மற்ற பெண்கள் குன்றத்தூர்க் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வருவார்கள். இவளால் வாசல் தாண்ட முடியாது. மண்ணூரில் பாதிப் பேர் ஒரகடத்துக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள், யார் கண்ணிலாவது பட்டால் தீர்ந்தது. கம்பெனி பஸ், லைன், ஹாஸ்டல். இவ்வளவுதான் அவளுடைய ஐரோப்பா.

ஸ்டேட்டஸைப் பார்த்தவுடன் அம்மா அன்னபுஷ்பம் கூப்பிட்டாள். பெனிட்டா குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு பேசினாள்.

“இன்னாடி பெனி, எல்லா போட்டாவும் கீது, உன் மூஞ்சி மட்டும் எதுலயும் இல்ல?”

“நான்தாம்மா எடுத்தேன்.”

“எப்பப் பாத்தாலும் நீயே எடுத்துக்கினு கீறியே. ஒரு வாட்டி அவங்கள எடுக்கச் சொல்லேன்.” பிறகு அம்மா குரலில் ஒரு குஷி வந்தது. “நாளையிலேந்து நானும் வேலைக்குப் போறேன். கேன்டீன்ல சோறு போடற வேலை. வேன் வந்து கூட்டிக்கினு போவுதாம்.”

“எந்தக் கம்பெனிம்மா?”

“பேரு வாயில நொழையலடி.”

“உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?”

“நாலு ஊரு பாக்கற வயசு உனக்கு. கூட வந்த பொண்ணுங்க கேக்கு துன்றப்ப நீ வேடிக்கை பாத்துக்கினு நிக்கக் கூடாது. அதுக்குத்தான்.”

பெனிட்டாவுக்குத் தன்னைத்தானே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. சத்தம் போனில் கேட்குமே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு, ஆனாலும் ஓவர்டைம் வேலை. ஒரகடத்தில் கம்பெனிக்கா பஞ்சம், அம்மா இங்கேயேவா வரப்போகிறாள் என்று காலை முழுவதும் மனசைத் தேற்றிக்கொண்டே வேலை பார்த்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. கேன்டீன் வரிசைக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு இரும்புக் குழாய் உண்டு. உள்ளே நுழைந்துவிட்டால் சோற்றை வாங்கிக்கொண்டுதான் வெளியேற முடியும். பாதி தூரம் நகர்ந்த பிறகு அந்தக் குரல் கேட்டது.

“நல்லா துன்னுங்கம்மா. எம் பொண்ணும் உங்க வயசுதான்.”

அம்மாவேதான். பெனிட்டா திரும்பிப் போய்விடப் பார்த்தாள். பின்னால் அதே லைனில் வேலை செய்யும் கவிப்பிரியா, அவளுக்குப் பின்னால் வாசல் வரைக்கும் ஆட்கள். “நவுரு பெனி, பசி உயிர் போவுது” என்று கவிப்பிரியா தட்டால் முதுகில் இடித்தாள்.

மேசையில் உட்காரும்வரை மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. தலையில் தொப்பி, பாதி முகம் மூடல். பேர் போட்ட கழுத்து அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். குனிந்தபடி தட்டை நீட்டிவிட்டு நகர்ந்தால் பெற்றவளுக்குக்கூடத் தெரியாது. தப்பித்துவிடலாம்.

“உம் பொண்ணு இன்னா பண்ணுதுக்கா?” என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

“அவ ஐரோப்பால படிக்கிறா. இப்ப ஃப்ரெண்டுங்களோட வியன்னா சுத்திப் பாக்கப் போயிருக்கா. அரமண எல்லாம் கீது அங்க.”

அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. மணிக்கட்டில் சாம்பார் தெறித்துச் சிவந்திருந்தது. இல்லாத கேக்குக்காக வெந்த கை அது. பெனிட்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போதும், அடித்தாலும் சரி, சபை நடுவே முட்டிபோட வைத்தாலும் சரி, சாயங்காலம் இவளோடு வேன் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். தட்டை நீட்டினாள். மாஸ்க்கைக் கழற்றினாள்.

“அம்மா.”

கரண்டி நின்றது. அன்னபுஷ்பம் மகளைப் பார்த்தாள். தொப்பியை, நீலச் சட்டையை, மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாக்கா, நம்ம பெனிய உனக்குத் தெரியுமா?” என்றாள் கவிப்பிரியா.

வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது.

“இல்லம்மா,” என்றாள் அன்னபுஷ்பம். “எம் பொண்ணு ஜாட.”

சோறு போட்டாள். சாம்பார் ஊற்றினாள். கொஞ்சம் தட்டின் விளிம்பில் வழிந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, “நவுரு கண்ணு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க” என்றாள்.

பெனிட்டா நகர்ந்தாள். கவிப்பிரியா தட்டை நீட்டிக்கொண்டே, “பொண்ணு எப்பக்கா ஊருக்கு வரும்?” என்று கேட்டாள்.

“இப்ப எங்க?” அம்மா குரலைச் சற்று உயர்த்தியே சொன்னாள். “ரெண்டு வருசப் படிப்பு. அத முடிக்காம அவ வூட்டுக்கு வர மாட்டா.”